ஜிம்னிக்கு லிஃப்ட் போட்ட பிறகு: தொல்லையை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மாருதி சுஸூகியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு 40 அல்லது 50 மி.மீ. லிஃப்ட் (நீள ஸ்பிரிங்கோ ஸ்பேசரோ போட்டு வண்டியை உயர்த்துவது) மாட்டுவது ஒரு நாள் வேலை. மாட்டிய பிறகு வரும் தொல்லைகளைத் துரத்துவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு வீலும் ஒரே இரும்புக் கட்டையில். ஒவ்வொரு ஆக்ஸிலையும் இரண்டு நீளமான ஆர்ம்களும், குறுக்கே ஒரு லேட்டரல் ராடும் (பான்ஹார்டு ராடு என்பதும் இதுவே) சேஸிஸோடு பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங்கை மாற்றினால் உயரம் கூடும். ஆர்மும் ராடும் அதே நீளத்தில்தான் இருக்கும். அதனால் ஆக்ஸில் நேராகக் கீழே இறங்காது. இறங்கும்போதே கொஞ்சம் சுழலும், கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இந்தச் சுழற்சியாலும் நகர்வாலும் வருபவை. மீதியில் பெரும்பகுதி, போல்ட்டுகளை எந்த நிலையில் வைத்து இறுக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. ஸ்பிரிங் லிஃப்ட் பாடியையும் சேஸிஸையும்தான் தூக்கும். டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸிலில் உள்ள கியர் உருண்டை) அடியில் ஒரு மில்லிமீட்டர் கூட ஏறாது. அது டயர் பெரிதானால்தான் ஏறும். கல்லில் டிஃபரன்ஷியல் இடிக்கிறது என்பதற்காக லிஃப்ட் போட்டவருக்கு இங்கே எழுதியிருப்பது எதுவும் உதவாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் கோரிக்கை வரும்போதுதான் இது கடிக்கும்.

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன்

தொல்லை எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இதற்குக் காசு செலவில்லை. ஆர்ம், லேட்டரல் ராடு, ஷாக்கின் கீழ்முனை ஆகிய இடங்களில் உள்ள ரப்பர் புஷ்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய் இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டி கட்டைபோல ஓடும், உயரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தெரியும், சில மாதங்களில் புஷ் கிழியும்.

சரிசெய்யும் முறை: வண்டி சமதளத்தில், நான்கு வீலும் தரையில், சாமானும் வழக்கமான அளவில் இருக்கட்டும். ஆர்ம், லேட்டரல் ராடு, கீழ் ஷாக் போல்ட் அத்தனையையும் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். பம்பரைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். வண்டியை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு அதே நிலையில், சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அடியில் படுக்க இடம் போதாவிட்டால் நான்கு வீலையும் மரப்பலகையில் ஏற்றி நிறுத்தலாம். பாடியை ஜாக்கியில் தூக்கிச் செய்தால் பழைய தவறே திரும்ப வரும்.

அடுத்தது அளவு. ஒவ்வொரு வீலிலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்மேலாக அளந்து நான்கு எண்ணையும் எழுதி வையுங்கள். லிஃப்ட் போடும் முன்பே இதை எழுதி வைத்தவர் புத்திசாலி. முன் ஆர்மின் சாய்வையும் டிஜிட்டல் கோணமானியால் அன்றே அளந்து வைத்திருந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. வைக்கவில்லை என்றால், லிஃப்ட் போடாத இன்னொரு ஜிம்னியைச் சமதளத்தில் நிறுத்தி அளந்துகொள்ளலாம்.

ஸ்டியரிங் மிதக்கிறது, வளைவு முடிந்தும் தானாக நேராகத் திரும்பவில்லை

இது காஸ்டர் குறைந்ததன் அடையாளம். கிங்பின் அச்சின் (முன் வீல் இடதும் வலதும் திரும்பும் அச்சு) மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருப்பதுதான் காஸ்டர்; ஸ்டியரிங்கைத் தானாக நேராக்குவது அதுதான். முன் ஆர்ம் ஆக்ஸிலுக்குப் பின்னால் சேஸிஸில் மாட்டப்பட்டிருக்கிறது. லிஃப்ட் போட்டால் ஆர்மின் முன்முனை தாழும். ஆர்மோடு ஆக்ஸிலும் திரும்பி, கிங்பின்னின் மேல்முனை முன்பக்கம் வரும்.

எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஏறிய உயரத்தை, ஆர்மின் சேஸிஸ் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் மையம் வரை உள்ள தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். தூரம் 700 மி.மீ., லிஃப்ட் 50 மி.மீ. என்றால் 4.1 டிகிரி. உங்கள் வண்டியில் அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்து போட்டுக்கொள்ளுங்கள். முன்பே ஆர்மின் சாய்வை அளந்து வைத்திருந்தால் கணக்கே வேண்டாம்: முன் அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழந்த காஸ்டர்.

அலைன்மென்ட் கடைக்குப் போனால் "காஸ்டர் சிவப்பில் காட்டுது சார், ஆனா இதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. முழு ஆக்ஸிலில் அவர்கள் கை வைக்க முடிவது டோ (முன் வீல்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். கேம்பரும் (வீல் பக்கவாட்டில் சாயும் அளவு) காஸ்டரும் ஆக்ஸில் ஹவுசிங்கிலேயே நிலைத்திருப்பவை. அளவுகளை அச்சடித்துத் தரும் அச்சுத் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது காஸ்டர் எண்கள் பிறகு தேவைப்படும்.

மீட்டெடுக்க மூன்று வழி: துளை மையம் தள்ளிய காஸ்டர் புஷ், ஆர்மின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட், வளைவு மாற்றிச் செய்த புது ஆர்ம். 40 மி.மீ. வரை புஷ்ஷே போதும். அதற்கு மேல் போனால் ஆர்மை மாற்றுவது நல்லது. இறக்கும் பிராக்கெட் வேலையைச் செய்யும். ஆனால் கல் தட்டும் இடத்தில் இன்னும் கீழே தொங்கும். லிஃப்ட் போட்டுவிட்டு அடிப்பாகத்தை இறக்குவதில் என்ன லாபம் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

காஸ்டர் புஷ்ஷை மாட்டுவதில் இருக்கும் வழக்கமான பிழை திசை. புஷ்ஷின் முகத்தில் அம்புக்குறியோ கோடோ இருக்கும். அந்தக் குறி ஒரு பக்க ஆர்மில் மேல்நோக்கியும் மறுபக்க ஆர்மில் கீழ்நோக்கியும் இருக்கும்படி மாட்டினால் இரண்டு ஆர்மும் ஆக்ஸிலை எதிரெதிராகத் திருகும். அச்சுத் தாளில் இடது, வலது காஸ்டர் எண்கள் லிஃப்ட்டுக்கு முன் இருந்ததைவிட ஒன்றுக்கொன்று விலகிப் போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். புஷ்ஷை அழுத்தி இறக்கும்போது பத்து டிகிரி திரும்பிவிட்டாலும் திருத்தத்தில் ஒரு பகுதி வீணாகும். ஆகவே ஆர்மிலும் புஷ்ஷிலும் பெயின்ட் கோடு போட்ட பிறகே ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வையுங்கள்.

பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிகம் தூக்கியிருந்தாலும் காஸ்டர் குறையும். இந்த வண்டியின் வீல்பேஸ் 2590 மி.மீ. பின்னால் 25 மி.மீ. கூடுதலாக ஏறினால் அரை டிகிரிக்குச் சற்றே மேல் போய்விடும். பெரிய அளவில்லைதான். ஆனால் ஏற்கெனவே நாலு டிகிரி இழந்த வண்டிக்கு அதுவும் சுமை.

ஒரு வேகத்தில் ஸ்டியரிங் வெறிபிடித்தாற்போல் ஆடுகிறது

60-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்குள், ஒரு பள்ளமோ பாலத்தின் இணைப்போ தட்டியதும் தொடங்கி, வேகம் நன்றாகக் குறையும்வரை நிற்காமல் ஆடும். ஆடும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பின்னால் வரும் வண்டியைப் பார்த்து, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

எல்லாரும் உடனே வாங்குவது கனமான ஸ்டியரிங் டாம்பர். வாங்காதீர்கள். டாம்பர் ஆட்டத்தை மூடி மறைக்கும். தேய்ந்த பாகம் உள்ளே இன்னும் வேகமாகத் தேயும். கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். மலிவானது முதலில், கடினமானது கடைசியில்.

1. டயர் காற்று, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கட்டும். முன் வீல்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அதிர்வு ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் வீல் பேலன்ஸிங் அல்லது டயர்தான். வீல் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு, எதிரெதிர் வரிசையில் இறுக்குங்கள்.

2. முன் லேட்டரல் ராடு. வீல் தரையில், இன்ஜின் ஓட்டத்தில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகக் கையளவு வேகமாகத் திருப்பட்டும். மற்றவர் கீழே பார்த்து, ராடின் இரு முனைகளிலும் விரல் வைத்து உணரட்டும். புஷ் ரப்பர் நசுங்குவது இயல்பு. போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே "டிக்" என்று அசைந்தால், துளை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இறுக்கினால் ஒரு வாரம் நிற்கும். பிராக்கெட்டில் கெட்டியான வாஷர் வெல்டு வைத்துத் துளையை உருண்டையாக்குவதுதான் தீர்வு.

3. அதே சோதனையில் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகும் கம்பி), டை ராடு (இரு முன் வீல்களையும் இணைக்கும் கம்பி) ஆகியவற்றின் முனைகளையும் பாருங்கள். பந்து தன் கூட்டுக்குள் மேலும் கீழும் குதித்தால் மாற்ற வேண்டியதுதான்.

4. கிங்பின் பேரிங். ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைப் பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். மிதித்த பின்பும் இருந்தால் கிங்பின். ஜிம்னிக்குத் தெரிந்த பலவீனம் இந்தக் கிங்பின் பேரிங். தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டியில் நக்கிள் (கிங்பின்னில் திரும்பும் வீல் தாங்கி) சீல் வழியாக ஈரம் புகுந்து துருப்பிடிக்கும். மாற்றும்போது இரு பக்கமும், மேலும் கீழுமாக, நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

5. இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் காஸ்டருக்கு வாருங்கள். காஸ்டர் குறைவு தனியாக இந்த ஆட்டத்தை உண்டாக்குவது அரிது. தேய்ந்த பாகம் ஒன்று எங்கோ இருந்து, காஸ்டரும் குறைந்தால்தான் நோய் முற்றும். லிஃப்ட் போடும் முன் இல்லாத ஆட்டம் லிஃப்ட் போட்டதும் வந்தது என்று சொல்வார்கள். தேய்மானம் அன்றும் இருந்தது. காஸ்டர் அதை அடக்கி வைத்திருந்தது.

நேரே ஓடும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக இருக்கிறது

லிஃப்ட் போட்டால் இது வராமல் இருக்காது. டிராக் லிங்க் சரிந்துவிட்டதால் அதன் கிடைநீளம் குறைந்திருக்கிறது. டிராக் லிங்க்கின் லாக் நட்டுகளைத் தளர்த்தி, குழாயைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி, ஓட்டிப் பார்த்து, நேரானதும் பூட்டுங்கள். அரைச் சுற்று கூட நன்றாகத் தெரியும். டை ராடைத் தொடாதீர்கள், அது டோவுக்கானது.

ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டும் குறுக்குவழியைச் சில பட்டறைகளில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்டியரிங் பாக்ஸ் தன் நடுநிலையில் இருக்காது. இரு பக்கமும் ஒடியும் அளவு மாறிப்போகும். ஈஎஸ்பி-யின் (வண்டி சறுக்காமல் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும் அமைப்பு) கோணச் சென்சாரும் குழம்பும்.

ஈஎஸ்பி விளக்கு எரிகிறது

எப்போது எரிகிறது என்பதைக் கவனியுங்கள். நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓடியதும் எரிந்தால், அல்லது மெதுவான வளைவில் பிரேக் தானாகப் பிடிப்பதுபோல் தெரிந்தால், ஸ்டியரிங் கோணச் சென்சாரின் பூஜ்யம் தவறு. முதலில் டிராக் லிங்க்கைச் சரிசெய்துவிட்டு, ஸ்கேன் கருவியால் பூஜ்யத்தைப் பதிய வைக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டு முறை செலவு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தாலோ, ஒரு வீல் பள்ளத்தில் தொங்கினாலோ மட்டும் எரிந்தால், ஏபிஎஸ் சென்சாரின் வயர் இழுபடுகிறது. வயரைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு இடம் தளர்த்தினாலே பல நேரம் போதும்.

ஒரு பக்கம் டயர் வெளியே துருத்துகிறது, வண்டி நண்டுபோல ஓடுகிறது

லேட்டரல் ராடு சாய்ந்தால், ஆக்ஸில் ராடின் சேஸிஸ் முனை இருக்கும் பக்கத்துக்கு இழுபடும். நகர்வை இப்படிக் கணக்கிடலாம்: ராடின் இரு முனைகளுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை லிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்து, இரண்டையும் வர்க்கமாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ராடு நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 850 மி.மீ. ராடில் வித்தியாசம் 60-லிருந்து 110 மி.மீ. ஆனால், 5 மி.மீ. நகரும். அதாவது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டால் 10 மி.மீ. வித்தியாசம் கண்ணில் படும்.

அளப்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம் வரை உள்ள தூரத்தை இரு பக்கமும் அளங்கள். முன் ஆக்ஸில் ஒரு பக்கமும் பின் ஆக்ஸில் மறுபக்கமும் நகர்ந்திருந்தால்தான் நண்டு நடை. இரண்டும் ஒரே பக்கம், 5 மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடலாம்; ஓட்டத்தில் தெரியாது.

நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராடு இதற்கு நேரான தீர்வு. ஒரு முனையைக் கழற்றி, வீல்கள் தரையில் இருக்க, உதவியாளர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால் பாடி பக்கவாட்டில் நகர்ந்து துளை தானாகச் சேரும். கம்பியால் நெம்ப வேண்டியதில்லை. மரை குறைந்தது போல்ட் விட்டம் அளவுக்காவது உள்ளே இருக்க வேண்டும்.

நீளம் மாற்றும் ராடுக்குப் பதில் முன் ஆக்ஸிலில் ராடு முனையை உயர்த்தும் பிராக்கெட்டும் விற்கிறது. இங்கேதான் இடறுகிறார்கள். லேட்டரல் ராடும் டிராக் லிங்க்கும் இணையாகச் சாய்ந்திருக்கும்வரை, பள்ளத்தில் வீல் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்லில் நகரும், ஸ்டியரிங் அசையாது. லேட்டரல் ராடை மட்டும் உயர்த்திக் கிடைமட்டமாக்கி, டிராக் லிங்க்கைச் சாய்வாகவே விட்டால் இரண்டும் வேறுவேறு வில்லில் போகும். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்டியரிங் தானாக ஒரு வெட்டு வெட்டும். பிராக்கெட் போட்ட நாளிலிருந்து வெட்டு வந்ததென்றால் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, நீள ராடுக்கு மாறுங்கள். முன்னால் நின்று பார்த்து, ராடும் லிங்க்கும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று கோணமானியால் சோதிக்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அடியிலிருந்து ரீங்காரம், அதிர்வு

முதலில் வீலா ஷாஃப்டா என்று பிரியுங்கள். 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ.; 80 கி.மீ. வேகத்தில் வீல் நொடிக்கு ஏறக்குறைய 10 சுற்று சுற்றும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்றும். வீல் அதிர்வைக் கையால் எண்ணிவிடலாம் போலிருக்கும். ஷாஃப்ட் அதிர்வு தரையிலும் இருக்கையிலும் ரீங்காரமாக வரும்.

அடுத்து முன்னா பின்னா என்று பார்க்க வேண்டும். 2எச்-இல் (இரு வீல் ஓட்டம்; 4எச் என்றால் நான்கு வீல் ஓட்டம்) முன் ஹப்புகள் விடுபட்டிருப்பதால் முன் ஷாஃப்ட் சுற்றாது. 2எச்-இலும் ரீங்காரம் இருந்தால் பின் ஷாஃப்ட். 4எச்-க்கு மாற்றியதும் மட்டும் வந்தால் முன் ஷாஃப்ட். இந்தச் சோதனையை மண் சாலையில், நேர்கோட்டில் செய்யுங்கள். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4எச்-இல் வளைத்தால் கியர்களுக்குத்தான் கேடு.

இரு முனையிலும் கிராஸ் (கோணத்தில் சுழற்சியைக் கடத்தும் சிலுவை மூட்டு) உள்ள ஷாஃப்ட் அமைதியாக ஓட வேண்டுமானால், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வெளிமுனையும் டிஃபரன்ஷியல் பினியனும் (ஷாஃப்ட் சேரும் கியர் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கும்படி பாருங்கள். முன்பக்கத்தில் ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது. லிஃப்ட் போட்டதும் ஆக்ஸில் சுழன்று பினியன் மூக்கு மேலே போகும்; காஸ்டரைத் திருத்தினால் மூக்கு மறுபடி கீழே வரும். காஸ்டரை முழுதாக மீட்டால், லிஃப்ட் கொடுத்த சாய்வு முழுதும் கிராஸ்கள் தலையில் விழும். அதனால்தான் 50 மி.மீ.யில் இழந்த நாலு டிகிரியையும் திருப்பி எடுக்காமல் இரண்டரை, மூன்றோடு நிறுத்துவது நடைமுறையில் ஒத்துப்போகிறது. ஸ்டியரிங்கும் திரும்பும், ஷாஃப்டும் கத்தாது.

ரீங்காரம் திடீரென்று, ஷாஃப்டைக் கழற்றி மாட்டிய மறுநாளே வந்தது என்றால் கோணத்தைத் தேட வேண்டாம். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் நடுச்சறுக்கிலும் பெயின்ட் கோடு போடாமல் விட்டிருப்பார்கள். சறுக்கும் பல் ஒன்று தள்ளி மாட்டினாலும் இரு முனை நுகங்களும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்காது.

4எச் போட்டால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது

முன் ஹப்பைப் பூட்டுவது, மெல்லிய குழாய் வழியாக வரும் வேக்குவம் (காற்று உறிஞ்சும் இழுப்பு). அந்தக் குழாய் சேஸிஸிலிருந்து நக்கிளுக்குப் போகிறது. லிஃப்ட்டுக்குப் பின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது இழுபட்டு முனை கழன்றிருக்கும், அல்லது ஸ்பிரிங் மாற்றும்போது ஆக்ஸிலைத் தொங்கவிட்டதில் கிழிந்திருக்கும். இரு பக்கமும் கையால் தடவிப் பாருங்கள். பிளந்த முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகினால் நீளம் இன்னும் குறையும். ஆகவே புதுத் துண்டு போடுங்கள். கழன்ற முனை வழியாகத் தண்ணீர் ஹப்புக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம். ஆற்றில் இறங்கிய வண்டியானால் ஹப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள். பக்கத்திலேயே ஆக்ஸில் ப்ரீதர் (காற்றுப்போக்கு) குழாயும் போகிறது. அதையும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

வேகத்தடையில் "டங்", பள்ளத்தில் "டொக்"

இறங்கும்போது, அதாவது வேகத்தடை தாண்டி வீல் தொங்கும் நொடியில் "டங்" என்று இரும்புச் சத்தம் வந்தால், ஷாக் முழுதாக நீண்டு முட்டுகிறது. லிஃப்ட் ஸ்பிரிங்கோ ஸ்பேசரோ போட்டுப் பழைய ஷாக்கை விட்டவர்களுக்கு இது நிச்சயம். பழைய ஷாக்கில் கீழ்நோக்கிய பயணம் 50 மி.மீ. சுருங்கிவிட்டது. நாளடைவில் ஷாக்கின் உள்வால்வோ மேல் போல்ட்டோ போகும். நீளமான ஷாக்தான் வழி. ஷாக்கின் கண்ணை இறக்கும் நீட்டிப்புத் துண்டுகள் 50 மி.மீ.க்குப் பொருத்தமில்லை.

பெரிய பள்ளத்தில் அமுங்கும்போது அடித்தால் மறுதலை: ஷாக் அதிக நீளம். இதைச் சோதிக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே போய் முட்டும் ரப்பர் தடுப்பு) முட்டும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஷாக் கம்பி குறைந்தது 10 முதல் 15 மி.மீ. வெளியே மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பை அந்த அளவு கீழே நீட்டுங்கள். ஸ்பேசர் போட்ட வண்டியில் பம்ப் ஸ்டாப்பையும் ஸ்பேசர் கனத்துக்கு இறக்குவது கட்டாயம். இறக்காவிட்டால் ஸ்பிரிங் அவ்வளவு கூடுதலாக அமுங்கிச் சுருளோடு சுருள் மோதும்.

"டொக்" என்று ஒரே ஒரு முறை, மண் பாதையில் வண்டி குறுக்காக முறுக்கிக்கொள்ளும்போது மட்டும் வந்தால், ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து திரும்ப உட்காருகிறது. ஷாக் நீளமாகவும் ஸ்பிரிங் கட்டையாகவும் இருந்தால் இப்படி ஆகும். பின்பக்க ஸ்பிரிங்கைக் கையால் சுற்ற முடிகிறதா என்று, சேஸிஸைத் தூக்கி வீலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சுற்றினால் கீழ் இருக்கையில் பிடிப்பான் தட்டுப் போட வேண்டும். ஸ்பிரிங் முனை, இருக்கையின் படியில் முட்டி உட்கார்ந்திருக்கிறதா, மேல் ரப்பர் இருக்கையை மறக்காமல் வைத்தார்களா என்பதையும் அப்போதே கவனிக்கலாம்.

திருப்பத்தில், மெதுவான வேகத்தில் முன்பக்கம் "கட கட" என்றால் ஸ்டெபிலைசர் பார் லிங்க்.

வண்டி தொங்கும்போதே பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஷாக் முழுதாக நீண்ட நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து, ஹோஸில் தளர்வு மிச்சம் இருக்க வேண்டும். ஆக்ஸிலைத் தாங்கிப் பிடிப்பது ஷாக்தான், ஹோஸ் அல்ல. விறைப்பாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். நீள ஹோஸ் மாட்டி, நான்கு வீலிலும் காற்றெடுத்த பிறகே சாலைக்கு.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, அல்லது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது

முன்பு எழுதி வைத்த நான்கு எண்களை எடுங்கள். லிஃப்ட்டுக்கு முன்பே 5 மி.மீ. சாய்வு இருந்த வண்டி இப்போதும் அப்படித்தான் நிற்கும். புதிதாக 10 மி.மீ.க்கு மேல் வந்திருந்தால், முதலில் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கும் வேலையைச் செய்துவிட்டுத் திரும்ப அளங்கள். பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். பிறகும் இருந்தால் ஸ்பிரிங்கில் உள்ள பெயின்ட் குறியையோ எழுத்தையோ பாருங்கள். பல கிட்டுகளில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங் சற்றே நீளம். நம் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு வலது, இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கான குறிப்புத்தாளைப் பார்த்து மாட்டினால் தலைகீழ். இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் உட்காரும் என்பதால், முதல் 500 கி.மீ. ஓடும்வரை ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வெட்டுவதில் இறங்க வேண்டாம்.

மூக்கு தூக்கி நின்று, முன்பக்கம் தடதடவென்று அடித்தால் ஸ்பிரிங் தவறில்லை, தேர்வு தவறு. வின்ச்சும் இரும்பு பம்பரும் சுமக்கச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். ஷாக்கை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

டயர் உரசுகிறது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

முழுதாக ஒடிக்கும்போது டயரின் உள்விளிம்பு முன் ஆர்மில் தேய்ந்தால், நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டை ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. வெளியே எடுத்துப் பூட்டலாம். திருப்ப வட்டம் கொஞ்சம் பெருக்கும். லிஃப்ட் எவ்வளவு கூட்டினாலும் இந்த உரசல் போகாது. ஆர்மும் வீலும் ஒரே ஆக்ஸிலில்தான் இருக்கின்றன.

215/75 ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ.; வித்தியாசம் ஒன்றரை சதவீதம், பொருட்படுத்த வேண்டாம். 235/75 ஆர்15 என்றால் 733.5 மி.மீ., கிட்டத்தட்ட 6 சதவீதம். கம்பெனி டயரில் 80 ஓடிய அதே முள்ளில் இப்போது 84.7 ஓடுவீர்கள்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

2020 முதல் வந்த தாரில் முன்பக்கம் முழு ஆக்ஸில் இல்லை, தனித்தனி விஷ்போன். மேலே முன் ஆக்ஸில் பற்றிச் சொன்னது அங்கே பொருந்தாது. பின்பக்கம் சொன்னது பொருந்தும். முன்பக்கத்தில் ஸ்ட்ரட் மேல் வைக்கும் ஸ்பேசரின் கனத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரம் ஏறும். 25 மி.மீ. தட்டை வைத்துவிட்டு "ஒரு அங்குலம்தானே" என்று இருந்தால் சிவி ஜாயின்ட் (முன் வீலுக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கோணம் எல்லை தாண்டும். திருப்பத்தில் "டிக் டிக்", பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து ரிம்மின் உள்ளே கிரீஸ் தெறிப்பு: இரண்டில் எது தெரிந்தாலும் ஸ்பேசரை மெல்லியதாக்குங்கள்.

எதிரே வருபவர்கள் லைட் அடிக்கிறார்கள்

சாமான் இல்லாத வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டேஷ்போர்டில் உள்ள லைட் உயரத் திருகியைப் பூஜ்யத்தில் வையுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு, விளக்கு மையத்தின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கின் பின்னால் இருக்கும் திருகில் இறக்குங்கள். லிஃப்ட் போட்ட இரவே செய்ய வேண்டிய வேலை இது. மூக்கு தூக்கிய வண்டியில் இன்னும் அவசரம்.

500 கி.மீ. ஆனதும்

கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டுக்கும், மாட்டிய நாளிலேயே நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். 500 கி.மீ.யில் கோடு உடைந்த இடம் எது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், எல்லாவற்றுக்கும் ரெஞ்ச் போட வேண்டாம். கோடு உடைந்த போல்ட்டை வெறுமனே இறுக்காமல், கழற்றித் துளையைப் பாருங்கள். துளை நல்லதாக இருந்தால் புது நட்டுடன் இறுக்குங்கள், வீல்கள் தரையில் இருக்கும்போதே. அலைன்மென்ட்டுக்குத் திரும்பப் போவதும் ஸ்பிரிங் உட்கார்ந்த இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் எடுத்த டோ அளவு வீண்.